சிவப்புக்குள் கோடு

முதல் ஃபிலிம் சுருள் கழுவி வந்த அன்று ஸ்டூலை உதைத்தேன். ஸ்டூலுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கட்டைவிரல்தான் வீங்கிப் போயிற்று.

பன்னிரண்டு ஸ்லைடுகள். ஒவ்வொன்றையும் விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தேன். இலை இருந்தது. இலையின் நரம்பு இருந்தது. தண்டில் ஏறிக்கொண்டிருந்த எறும்பின் கால்களைக்கூட எண்ணலாம். பூ இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், யாரோ பிளாஸ்டிக் வாளியை வெட்டி ஒட்டிவைத்த மாதிரி ஒரு சிவப்பு. மடிப்பு இல்லை, குழிவு இல்லை. ஒரு இதழ் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றுகூடத் தெரியவில்லை.

"கோடு எங்க அத்தான்?" என்றாள் மச்சினி.

"பூவுல இருக்கு."

"பூவுல இருக்கறது எனக்குத் தெரியும். படத்துல எங்க?"

என் மனைவியின் தங்கை அவள். தண்ணீர் பரிசோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை. தெளிவாகத் தெரிகிற தண்ணீரில் என்னென்ன கண்றாவி இருக்கிறது என்று இருபது வருஷமாகப் பார்த்துப் பார்த்து, எதையும் சட்டென்று நம்பாத ஒரு முகம் வந்துவிட்டது. கையில் எப்போதும் ஒரு நோட்டு. என்ன பார்த்தாலும் தேதி போட்டு எழுதிவிடுவாள்.

விஷயம் இதுதான். மொட்டைமாடியில் தொட்டி வைத்து, கிழங்கிலிருந்து வருகிற ஒரு லில்லி வகையை அவள் வளர்க்கிறாள். இரண்டு செடிகளில் ஒன்றின் மகரந்தத்தைப் பிரஷ்ஷால் தொட்டு இன்னொன்றில் தடவிக் கலந்து, விதை எடுத்து, முளைக்கவைத்து, ஐந்து வருஷம் காத்திருந்தாள். அறுபது கன்றுகளில் ஒன்றே ஒன்று வேறு மாதிரி பூத்தது. சிவப்புதான். ஆனால் அந்தச் சிவப்புக்குள் இன்னும் ஆழமான சிவப்பில், தொண்டையிலிருந்து இதழ் ஓரம்வரை, மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். கிட்டப் போய்ப் பார்த்தால் சல்லடைத் துணி விரித்த மாதிரி இருக்கும். அந்தக் கோடு இல்லையென்றால் அது எந்தக் கடையிலும் கிடைக்கிற சிவப்புப் பூ.

புது வகை என்று பதிவு செய்வதற்கு ஒரு சங்கம் இருக்கிறது. அந்தப் பெரியவர்கள் கம்ப்யூட்டர் படத்தை ஏற்க மாட்டார்களாம். அதில் யார் வேண்டுமானாலும் கோடு போட்டுவிடலாம் என்பது அவர்கள் பயம். ஃபிலிமில் எடுத்த ஸ்லைடு வேண்டும், கழுவியது கழுவியபடி, கை வைக்காமல். முதலில் பதிபவருக்குத்தான் பூ. இருபத்தாறாம் தேதிக்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் அடுத்த வருஷம்தான். ஆனால் வேறு ஊரில் ஒரு பெரிய நர்சரிக்காரர் இதே இரண்டு செடிகளைக் கலந்து வைத்திருக்கிறார், அடுத்த பருவத்தில் அவருடையது பூக்கும் என்று அவளுக்குச் செய்தி வந்திருந்தது.

"அடுத்த வருஷம்னா அது அவரோட பூ," என்றாள். "நான் அஞ்சு வருஷம் தண்ணி ஊத்தினவ, அவ்வளவுதான்."

ஊரிலேயே ஃபிலிம் கேமராவை இன்னும் உயிரோடு வைத்திருக்கிற ஒரே பைத்தியம் நான். வேறு போக்கிடம் இருந்திருந்தால் அவள் என்னிடம் வந்திருக்கவே மாட்டாள். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கிழங்கில் இரண்டு தண்டு, தண்டுக்கு மூன்று பூ. முதல் தண்டை நான் நல்ல உச்சி வெயிலில் வைத்து எடுத்தேன். பூ என்றால் ஜொலிக்க வேண்டாமா? ஜொலித்தது. ஜொலிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் அதைத்தான் செய்தேன். முதலில் ஃபிலிமைத் திட்டினேன். காலாவதியான சரக்கைக் கடைக்காரன் என் தலையில் கட்டிவிட்டான் என்றேன். அப்புறம் கழுவித் தருகிற பக்கத்து ஊர் லேபைத் திட்டினேன். அங்கே வேலை செய்கிற பெண் போனில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இலை நல்லா வந்திருக்கா சார்?" என்றாள். வந்திருக்கிறது என்றேன். "அப்ப கழுவினது சரிதான் சார்," என்று வைத்துவிட்டாள். அவள் சொன்னது நியாயம் என்பதால் கோபம் இன்னும் ஏறியது.

இரண்டாவது தண்டில் முதல் பூ விரிந்ததும் தொட்டியோடு ஸ்டுடியோவுக்குத் தூக்கிவரச் சொன்னேன். வெயிலை நம்பினால்தானே வம்பு? என் குடை விளக்குகள் இரண்டையும் நேராக முகத்துக்கு, அதாவது பூவுக்கு, வைத்தேன். பின்னால் கறுப்புத் துணி. மீட்டரைப் பூவுக்கு நேரே காட்டி வெளிச்சத்தை அளந்தேன். கல்யாணப் பெண்ணுக்குச் செய்கிற எல்லா மரியாதையும் செய்தேன். நான்கு நாள் கழித்து ஸ்லைடு வந்தது. வாளி அதே வாளி. இந்த முறை கறுப்புத் துணிமேல் இருந்ததால் இன்னும் பளிச்சென்று இருந்தது.

மச்சினி விளக்குப் பெட்டியின் மேல் குனிந்து பன்னிரண்டையும் பார்த்தாள். அவசரமே இல்லை. பார்த்து முடித்ததும் நிமிர்ந்தாள்.

"அழகா இருக்கு அத்தான்."

"அழகு வருதுல்ல? இன்னும் கொஞ்சம்..."

"உங்ககிட்ட எப்பவுமே அழகாத்தான் வரும்."

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். என் நாக்குக்குத்தான் பூட்டு கிடையாதே. "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கோடு கோடுங்கற, நானும் மூணு மணி நேரம் உத்துப் பாத்தேன். உன் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு அது ஒண்ணும் அப்படிப் பெரிய கோடு இல்ல," என்றேன்.

கவுன்டரில் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி, "ஏங்க," என்றாள். அந்த ஒரு சொல்லில் வாயை மூடுங்கள் என்பது முழுசாக இருந்தது. ஆனால் மச்சினி ஆரம்பித்துவிட்டாள்.

"பதினாறு வருஷத்துக்கு முன்னாடி என்னை ஒரு படம் எடுத்தீங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. சின்ன வயதில் வந்த அம்மையில் அவளுக்கு இடது கன்னம் முழுக்கக் குழி. கல்யாணத்துக்குப் பார்க்கும்போது வெளிநாட்டில் இருந்த ஒருவருக்கு அனுப்ப ஒரு படம் கேட்டார்கள். என் மச்சினிக்கு நான் செய்யாமல் யார் செய்வது? குழி ஒன்றுகூட இல்லாமல் நிலா மாதிரி எடுத்துக் கொடுத்தேன். அவருக்குப் பிடித்தது. டிக்கெட் போட்டு வந்தார். பிறகு சரிப்பட்டு வரவில்லை என்று சொன்னார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"வந்து உக்காந்தார். நான்தான் தண்ணி கொண்டு போய்க் குடுத்தேன். வாங்கிக் குடிச்சார். அப்புறம் அம்மாவைப் பாத்து, படத்துல இருக்கறவங்க வீட்ல இல்லையான்னு கேட்டார்."

கடையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றுபோனது.

"கிண்டல் இல்ல அத்தான். நெஜமாவே கேட்டார். எனக்கு அவர்மேல கோவமே வரல." நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "இன்னும் ரெண்டு பூ இருக்கு. இருக்கறத இருக்கற மாதிரி எடுத்துக் குடுங்க. முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க."

அவள் போன பிறகு நான் ஸ்டூலை உதைக்கவில்லை. அதில் உட்கார்ந்தேன்.

தெருவில் எனக்குப் பெயர் 'பவுடர்'. பவுடர் பூசாமலே பூசின மாதிரி எடுப்பார் என்று பேச்சு. சுருக்கம், பரு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, எதுவும் என் படத்தில் தங்காது. மற்ற கடைக்காரர்கள் கம்ப்யூட்டரில் பண்ணுவதை நான் எடுக்கும்போதே பண்ணிவிடுவேன். எப்படி என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்புவேன். உண்மையில் எனக்கே அது எப்படி என்று வாயால் சொல்லத் தெரியாது.

என் மனைவிக்குத் தெரிந்திருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "மீட்டர் பாத்து லென்ஸ்ல வைக்கறீங்க. வச்ச பிறகு டக்குனு இன்னொரு சத்தம் வருதே, அது எதுக்கு?"

"என்ன சத்தம்?"

"வளையத்தைத் திருப்பற சத்தம். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து கேக்கறேன். ரெண்டு டக், அப்புறம் ஒரு டக். அந்தக் கடைசி டக் இல்லாம நீங்க ஒரு படமும் எடுத்ததில்ல. பூவுக்கும் வந்துச்சு."

கேமராவை எடுத்தேன். சுவரைப் பார்த்து, அவள் சொன்னபடி மீட்டர் பிடித்து, லென்ஸில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வளையத்தை அந்த அளவில் வைத்தேன். வைத்த கையோடு, நான் நினைக்காமலே, இடது கை அதை இன்னும் ஒரு பல் திறந்துவிட்டது. டக்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மா இல்லை. மீட்டர் கேட்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம். முகத்துக்கு அது அமிர்தம், குழியெல்லாம் நிரம்பிவிடும். நெகட்டிவ் ஃபிலிம் அதைத் தாங்கும், மிச்சத்தை அச்சில் பார்த்துக்கொள்ளலாம். ஸ்லைடு தாங்காது. அதிலும் பளீர் சிவப்பு தாங்கவே தாங்காது. வெளிச்சம் ஒரு பிடி கூடினால் முதலில் ரொம்பி வழிவது சிவப்புதான். போதாக்குறைக்கு, மீட்டரைச் சிவப்பின் மேலேயே காட்டினால் அது இருட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னும் வெளிச்சம் கேட்கும். அது கேட்டதைக் கொடுத்து, அதற்கு மேல் என் பங்குக்கும் ஒரு டக் கொடுத்திருக்கிறேன். இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியும். தெரிந்து என்ன? கை புத்தகம் படிக்கவில்லை.

அடுத்த நாள் காலை மச்சினி வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். மனைவியும் வந்தாள், கையில் செல்லோ டேப்போடு. அக்கா, தங்கை இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஒரு திருடனைக் கூட்டிப்போகிற மாதிரிதான் கூட்டிப்போனார்கள்.

முந்தின பூ இரண்டு நாளில் சுருண்டுவிட்டது. மிச்சம் இரண்டில் ஒன்றின் மடலை அணில் கிழித்திருந்தது. ஆக, ஒரே பூ. அதன் மூன்றாவது இதழ் ஓரத்தில் ஏதோ பூச்சி உறிஞ்சிவிட்டுப் போன, கடுகில் பாதி அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. "நேத்து சாயங்காலம் வந்தது," என்றாள் மச்சினி, நோட்டைப் பார்த்து.

பூந்தொட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு நகர்த்தினோம். வெளிச்சம் பக்கவாட்டில் மட்டும் வரட்டும் என்று வைத்தேன். மீட்டரைப் பூவுக்குக் காட்டாமல் சிமென்ட் தரைக்குக் காட்டி, அதிலிருந்தும் ஒரு பல் குறைத்தேன். வைத்த மறுநொடி என் மனைவி வளையத்தைச் சுற்றி டேப்பை ஒட்டினாள். மூன்று சுற்று.

"இப்ப திருப்புங்க பாக்கலாம்."

திருப்பத்தான் போனேன். கை போய் டேப்பில் முட்டியது. அக்கா, தங்கை இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

நிழல் என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் ஒரு வினாடிபோல் திறந்திருக்க வேண்டும். அந்த ஒரு வினாடிக்குள் பூ அசையக் கூடாது. காற்று எங்கிருந்துதான் வந்ததோ! மச்சினி ஒரு பக்கம் போர்வையை விரித்துப் பிடித்தாள், மனைவி இன்னொரு பக்கம். நான் மூச்சை அடக்கி அமுக்குவேன், பூ தலையாட்டும். காத்திருப்பேன், நிற்கும், அமுக்குவேன், ஆட்டும். ஒரு மாமியார்கூட அத்தனை முறை தலையாட்டி வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். பன்னிரண்டு படத்துக்கு இரண்டு மணி நேரம். கை வலிக்கிறது என்று மச்சினி ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

ஸ்லைடு இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் வந்தது. மனைவி வீட்டுக்குப் போயிருந்தாள். ஒவ்வொன்றாக வைத்தேன். ஆடியது, ஆடியது, ஆடியது. எட்டாவதில் என் கை நின்றது.

எல்லாம் இருந்தது. சிவப்புக்குள் சிவப்பாக, தொண்டையிலிருந்து ஓரம்வரை, ஒரு கோடுகூட விடாமல். கோட்டிலிருந்து பிரிந்த கிளைக்கோடு, இதழ் மடிகிற இடத்தில் அது வளைகிற விதம், எல்லாம். முப்பது வருஷத்தில் நான் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை. கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. மிச்ச நாலும் ஆடியிருந்தன. பரவாயில்லை, ஒன்று போதும்.

அந்த வெள்ளைப் புள்ளியும் இருந்தது. கோடுகளுக்கு நடுவே, கண்ணில் தூசி விழுந்த மாதிரி. லென்ஸ் வழியாகப் பார்க்கப் பார்க்க அதுதான் தெரிந்தது. அஞ்சு வருஷம் வளர்த்த பூ, பதினாறு வருஷமாக என்மேல் இருக்கிற கணக்கு, அதில் போய் இந்தப் பூச்சி வாய் வைத்திருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. பிரஷ்ஷும் சாயமும் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் எப்போதும் இருக்கும்.

மறுநாள் மத்தியானம் மச்சினி ஆபீஸுக்கு அரைநாள் லீவு போட்டு வந்தாள். உறை, விண்ணப்பம், தபால்தலை எல்லாம் தயார். நான் ஸ்லைடை விளக்குப் பெட்டியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

ரொம்ப நேரம் குனிந்திருந்தாள். "இருக்கு அத்தான்," என்றாள் நிமிராமலே. "அப்படியே இருக்கு." அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். மறுபடி தான் பார்த்தாள். நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதழ் இதழாக ஒப்பிட்டாள். மூன்றாவது இதழில் நின்றாள்.

"இங்க ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கணுமே."

"அதுவா? அத எடுத்துட்டேன்," என்றேன். பரிசு கொடுக்கிறவன் குரலில் சொன்னேன். அதை நினைத்தால்தான் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் நிமிர்ந்தாள். "எடுத்துட்டீங்கன்னா?"

"ஒரு சொட்டு சாயம். பிரஷ் நுனியில. லென்ஸ் வச்சுப் பாத்தாலும் தெரியாது. நோட்டுல எழுதியிருக்கறதாலதான் உனக்கே..."

"ஐயோ, ஏங்க!" என்றாள் என் மனைவி.

"என்ன இப்ப? கோட்டையா அழிச்சேன்? குழந்தைக்கு மூக்கைத் துடைச்சுவிட்டுப் படம் எடுக்கறதில்லையா? அது கை வைக்கறதா?"

மச்சினி சாயத்தைக் கழுவ முடியுமா என்று மட்டும் கேட்டாள். முடியாது, அது ஃபிலிமுக்குள் இறங்கிவிடும். வேறு ஸ்லைடு? பதினொன்றும் ஆடியவை. பூ? என்றைக்கோ உதிர்ந்துவிட்டது.

விண்ணப்பத்தின் கடைசித் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். படம் எடுத்தவர் நிரப்ப வேண்டிய பகுதி. ஒரே ஒரு கேள்வி: ஃபிலிமில் எவ்விதத்திலேனும் கை வைக்கப்பட்டுள்ளதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கீழே கையெழுத்துக்குக் கோடு.

"இது நீங்க போட வேண்டியது."

"என்ன போட?"

"எனக்கென்ன தெரியும்? படம் எடுத்தவர் நீங்க."

பேனாவை எடுத்தேன். 'இல்லை' என்று போட்டால் பூ அவளுடையது. சங்கத்துப் பெரியவர்கள் எந்த லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது, என் வேலை எனக்குத் தெரியும். போட்டுவிடுங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போட்டிருப்பேன். அவள் சொல்லவில்லை. அந்த மனுஷன் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்ட கேள்விதான் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஒரு முறையாவது இவள் விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

போட்டதும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். என்னத்தை எதிர்பார்த்தேனோ தெரியாது.

அவள் தாளை எடுத்து மை காய ஊதினாள்.

"நிம்மதியா இருக்கா அத்தான்?"

நான் பேனாவை மூடினேன்.

"அன்னைக்கு நீங்க பொய் சொன்னீங்க, அதுக்கு நான் அனுபவிச்சேன். இன்னைக்கு உண்மைய சொல்லிட்டீங்க. இதுக்கும் நான்தான் அனுபவிக்கணும். உங்களுக்கு ரெண்டு தடவையும் நல்ல மனசு."

தாளை மடித்தாள். ஸ்லைடை அதன் உறையில் போட்டு, எல்லாவற்றையும் பெரிய உறைக்குள் வைத்து ஒட்டினாள். சங்கத்துப் பெரியவர்கள் தள்ளுபடி செய்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்தேதான் ஒட்டினாள். தபாலாபீஸ் மூட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. என் மனைவி கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். இருவரும் படியிறங்கிப் போனார்கள், கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுகூட யாரும் சொல்லவில்லை.